பூசணிக்காய் உடைத்த பக்கம்

எங்கள் அப்பா வாலிபால் ஆட்டக்காரர். அவரைப் போய் ஒரு ஃபுட்பால் டீமுக்குக் கோச்சாகப் போட்டார்கள். விழுப்புரம் பக்கத்தில் ஒரு மில், சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்தது. பழைய கோச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, மேனேஜருக்குத் தெரிந்தவர் என்பதால் அப்பாவைக் கூப்பிட்டார்கள். முதல் மேட்ச்சைப் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வோம் என்றார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்பு.

திண்டிவனத்தில் எங்கள் தெருமுனை டீக்கடைக்கு அது பெரிய விருந்து. "கையால ஆடனவருக்குக் காலால ஆடறதப் பத்தி இன்னா தெரியும்?" என்று அப்பா காதுபடவே பேசினார்கள். அவர் டீயைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வருவார். பள்ளியில் பையன்கள் கால்பந்தைக் கையால் தட்டிவிட்டு, "உங்கப்பா சொல்லிக்குடுத்தாரு" என்பார்கள். எனக்கு மானமே போகும்.

மேட்ச் அன்று அம்மா, மாமாவின் பைக்கில் முன்னாலேயே கிளம்பிவிட்டாள். வழியில் கோயிலுக்குப் போக வேண்டுமாம். நானும் அப்பாவும் பஸ்ஸில் போனோம்.

விழுப்புரம் மைதானத்தில் ஒரு கோலுக்கு முன்னால் யாரோ திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். முதல் பாதியில் அது எதிரணியின் பக்கம். எங்கள் ஆட்கள் அங்கே ஒரு கோல் போட்டதும், எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சந்தோஷம் வந்தால் அவள் அப்படித்தான்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினார்கள். பூசணிக்காய் கிடந்த பக்கம் எங்களுடையதாயிற்று. மெதுவாக உருண்டு வந்த ஒரு பந்தை எடுக்கப் போன எங்கள் கோல்கீப்பர், பூசணிச் சதையில் கால் வைத்து மல்லாக்க விழுந்தார். பந்து தன்பாட்டுக்கு உள்ளே போயிற்று. விழுந்ததில் கை பிசகி, அடுத்த பந்தையும் விட்டார். தோற்றோம்.

மேனேஜர் ஓடி வந்தார். "யாருய்யா இத இங்க ஒடைச்சது?"

அப்பா நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். "நான்தாங்க. திருஷ்டி கழியட்டுமேன்னு ஒடைச்சேன்."

"அரை டைம்ல பக்கம் மாறுவாங்கன்னுகூடத் தெரியாதா சார் உங்களுக்கு?"

மைதானமே சிரித்தது. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. வேலையும் அன்றோடு போயிற்று.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் மாமா சொன்னார்: "ஒடைச்சது உங்கம்மாதான். நான்தான் வண்டில இட்டுக்கினு போனேன்." வாலிபாலிலும் செட்டுக்குச் செட் பக்கம் மாறுவார்கள். பள்ளியில் நானே ஆடியிருக்கிறேன். அப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

மேட்ச் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அப்பா பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று தனியாகப் போய் உட்கார்ந்தேன். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விக்கிரவாண்டி தாண்டியும் விடவில்லை, கூட்டேரிப்பட்டிலும் விடவில்லை. ஊரே சிரிக்கிற மனிதரின் கையை, பஸ்ஸில் நாலு பேர் பார்க்கப் பிடித்துக்கொண்டு வருகிறாளே, இவளுக்கு வெட்கமாக இல்லையா என்று எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.