காதால் படித்த எலும்பு

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். யார் பார்த்துப் படிக்கிறவர், யார் கேட்டுப் படிக்கிறவர், யார் தொட்டுப் படிக்கிறவர் என்று அது சொல்லிவிடுமாம். எனக்குக் காது என்று வந்தது. எனக்கு சீட் கிடைத்த அன்றுகூட அம்மா அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

காரணம், சீனியர்களிடமிருந்து கைமாறி என் பைக்குள் வந்திருந்த எலும்பு செட். மனித எலும்பு. மாடம்பாக்கத்து வீட்டு வாசலைத் தாண்ட அம்மா அதை விடவில்லை. "கேட்டாலே உனக்கு வரும்னு காலேஜ்லயே சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் அது எதுக்கு?" என்றார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. பையை ஹாஸ்டல் நண்பன் ஒருவனின் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அனாடமி வகுப்புகளை போனில் பதிவு செய்து, கல்லூரிக்குப் படப்பை தாண்டிப் போகும் பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் கேட்டேன்.

வாய்மொழித் தேர்வில் ஃபிபுலாவைக் கையில் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் ஒல்லி எலும்பு. கீழ்முனைக் குழி பின்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பது வரை தடங்கலில்லாமல் ஒப்பித்தேன். தேர்வாளர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றதெல்லாம் கரெக்ட்டுப்பா. கையில இருக்கறது எந்தக் கால்?"

எந்த முனை கீழ்முனை என்றே எனக்குத் தெரியவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் ஏட்டைக்கூடப் பார்க்கவில்லை. அனாடமி போயிற்று. மறுதேர்விலும் போனால் ஜூனியர்களோடு உட்கார வேண்டும்.

ரிசல்ட் வந்த அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டேன். இயர்போனைப் பார்க்கவே வெறுப்பாக இருந்தது. அம்மா கதவருகே வந்து நின்றார்.

"அந்தப் பைய எடுத்துட்டு வா. சாமி ரூம் கதவ சாத்திக்கிறேன்."

அதன் பிறகு தினமும் கல்லூரி விட்டு வந்து, லுங்கியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, என் காலோடு அந்த எலும்பை வைத்து வைத்துப் பார்த்தேன். முதலில் அந்தப் பக்கமே வராத அம்மா, போகப் போக அதைச் சுற்றிப் பெருக்கினார். ஒருநாள், ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மறுதேர்விலும் ஃபிபுலாதான் வந்தது. காலோடு வைத்துப் பார்த்து இடது என்றேன். பாஸ்.

வீட்டுக்கு வந்ததும் பையை ஜூனியர் ஒருவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். அம்மா தடுத்தார்.

"நாளைக்கு அமாவாசை. காக்காவுக்கு சோறு வெச்சுட்டு அனுப்பலாம். அவங்களுக்குன்னு யாரும் வெச்சிருக்க மாட்டாங்க."

எனக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்தது. இருந்தும் மறுநாள் காக்கை வரும்வரை மொட்டைமாடியில் நின்றேன்.