சட்டையில் வௌவால் மணம்

கம்போடியாவிலிருந்து, நாங்கள் இப்போது வசிக்கும் வோபர்ன் வீட்டுக்குத் திரும்பி, பெட்டியிலிருந்த அழுக்குத் துணிகளை மெஷினுக்குள் போட எடுத்தேன். என் சட்டையில் வௌவால் எச்ச மணம் அடித்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலிலும் இதே மணம்தான்.

அந்தக் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையோடு போகக்கூடாது. என் தகப்பன், ஐயா, வாசலிலேயே சட்டையைக் கழற்றி, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். என் நெஞ்சிலோ சின்ன வயதில் கொதிக்கிற கஞ்சி கொட்டிய தழும்பு, தேச வரைபடம்போல் திட்டுத்திட்டாக. "உலகப்படம் வருகுதடா!" என்று பெடியள் கத்துவார்கள். "சாமிக்கு முன்னாலை என்ன வெக்கம்? கழட்டு" என்பார் ஐயா. நான் இரண்டு கைகளாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு நிற்பேன். "உவனுக்கு நல்ல பக்தி" என்று குருக்கள் மெச்சுவார்.

போன கிழமை, கம்போடியாவில் கெமர் மன்னர்கள் கட்டிய, வௌவால்கள் தொங்கும் ஒரு பழைய கோயிலில், கருவறையைக் கண்டதும் என் கை தானாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியது. காவலாளி பதறி ஓடிவந்து கையை ஆட்டினார். கூட வந்த மகள், "அப்பா, இஞ்சை தோளை மூடிக்கொண்டுதான் போகோணுமாம். பூட்டுங்கோ!" என்றாள்.

கழுத்துவரை பொத்தானைப் பூட்டினேன். சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கோயிலுக்குள் நான் நிம்மதியாக மூச்சுவிட்டது அன்றுதான்.

"அங்கை ஏனப்பா அப்பிடிச் சிரிச்சனீங்கள்?" என்று மகள் இப்போது கேட்டாள். மெஷினை மூடிவிட்டு, தழும்புக் கதையை முதல்முறையாக அவளுக்குச் சொன்னேன்.

"அதுக்கோ ஒருநாளும் என்னோடை சுவிமிங் பூலுக்கை இறங்கேல்லை? உங்களுக்குத் தண்ணி எண்டால் பயமெண்டு ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே!"