நின்ற இடத்தில் துள்ளிய பாட்டு

பாறசாலையில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்குப் பயிற்சிப் பாட்டுகளை இன்றும் சிடியில்தான் தருகிறார்கள். ஆராதனைக்குப் போகும்போது ரயில் பாதையைக் குறுக்கே தாண்டி, காதில் இயர்ஃபோன் மாட்டி, சிடி பிளேயரில் பாட்டைக் கேட்டுக்கொண்டே நடப்பேன். நடை அதிர்ந்தாலும் பாட்டு இடையில் விட்டுவிட்டுத் துள்ளாமல் காக்கும் பொத்தான் அதில் உண்டு. போட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அன்று பேட்டரி குறைவு என்று அதை அணைத்துவிட்டு, பிளேயரைக் கஞ்சிக் கிண்ணம்போல ஏந்தி மெல்ல நடந்தேன்.

தண்டவாளத்தின் நடுவில் செருப்பு வார் கழன்றது. அசையாமல் குனிந்து மாட்டும்போது பாட்டு துள்ளியது. மறுபடியும் துள்ளியது. நான் ஆடவில்லையே, பின்னே எது ஆடுகிறது என்று நினைத்தபோதுதான் உள்ளங்காலில் அதிர்வு தெரிந்தது. செருப்பை விட்டுவிட்டுப் பாய்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ரயில் போனது.

அந்தப் பக்கம் புல் அறுத்துக்கொண்டிருந்த தங்கம் அக்கா வெளிறிப்போய் நின்றார். “எத்தற விளிச்சேன் மக்கா, ஒனக்குக் கேக்கல்லியா?”

எனக்கு எதுவுமே கேட்கவில்லை.

இப்போது சுற்றிக்கொண்டு மேம்பாலம் வழியாகப் போகிறேன், காதில் ஒன்றும் மாட்டாமல். வீட்டில் கேட்கும்போதுகூட அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. பேட்டரிக்காக அல்ல. அன்று அதைப் போட்டிருந்தால், பாட்டு கடைசிவரை தடங்கலில்லாமல் ஓடியிருக்கும்.