கவுண்டர் மேல் லஸ் கார்னர்

பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது லாஃப்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. மனைவி திறந்து பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்தான். போற வழியில காயலான் கடையில போட்டுடுங்க" என்று என்னிடம் கொடுத்தாள். உள்ளே சின்ன வயதில் நான் வீடு கட்டி விளையாடிய பில்டிங் செட், கலர் கலராகப் பிளாஸ்டிக் கட்டைகள். ஐந்தாவதோடு பள்ளியை விட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தபோது மேலே ஏறிய டின் அது.

காயலான் கடை வந்தது. வண்டியை நான் நிறுத்தவே இல்லை.

மயிலாப்பூரில் எங்களுடையது பட்டன், ஜிப், லேஸ் விற்கும் சின்னக் கடை. மெட்ரோ வேலைக்காகத் தெருமுனையில் தகரத் தடுப்பு வந்ததிலிருந்து வியாபாரம் மந்தம். கவுண்டரில் டின்னைக் கவிழ்த்து ஒரு கட்டைமேல் இன்னொன்றை வைத்து அழுத்தினேன். வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டியது போல இருந்தது. வீடு, பாலம், மறுபடி வீடு. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துவிட்டேன்.

சில நாளில் மனைவி கடைக்கு வந்து பார்த்துவிட்டாள்.

"வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் இதப் பாத்துட்டு ஓடிடுவாங்க. சனிக்கிழமை நானே வந்து அள்ளிட்டுப் போய்ப் போட்டுடறேன்."

எனக்குப் பதில் பேசிப் பழக்கமில்லை. தலையாட்டினேன்.

கட்டைகள் போவதற்குள் ஒன்று பெரிதாகக் கட்டிவிட வேண்டும் என்று, எங்கள் கடையைச் சுற்றியுள்ள லஸ் கார்னரையே கட்டினேன். கோயில் குளத்துக்குப் பச்சை, கடைகளுக்கு மஞ்சள், தடுப்புகளுக்கு வெள்ளை. மூடிய தெரு, திறந்த தெரு எல்லாம் அப்படியே.

சனிக்கிழமை காலை ஒரு மாமி வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"குளத்தண்டை எப்படிப்பா போறது? சுத்திச் சுத்தி இங்கேயே வந்து நிக்கறேன்!"

வழி சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு கறுப்புப் பட்டனை எடுத்து, "இது நீங்க" என்று கட்டைகளுக்கு நடுவே நகர்த்திக் குளம்வரை கொண்டுபோய் விட்டேன். மாமி கைதட்டிச் சிரித்தார். "நன்னா இருக்கே! என்னை இவ்வளவு ஒல்லியா யாரும் பாத்ததில்லை."

யாரிடம் சொன்னாரோ, சாயங்காலம் வழி பார்க்கக் கடை வாசலில் கூட்டம். ஆட்டோக்காரர் ஒருவர் தன் பட்டனைத் தானே ஓட்டிக்கொண்டு, வாயால் ஹாரன் வேறு அடித்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் அள்ளிப்போக ஒரு பெரிய பையோடு மனைவி நுழைந்தாள். நேராகக் குளத்தில் கை வைத்தாள்.

"யக்கா, தொடாத!" என்று ஆட்டோக்காரர் அலறினார். "இத்தப் பாத்துதான் சவாரி போய்க்கினு கீறோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குனிந்து தெருத்தெருவாகப் பார்த்தாள்.

"இது தப்பு," என்றாள். "இந்தத் திருப்பத்த மத்தியானமே மூடிட்டாங்க. நான் சுத்திக்கிட்டுதான் வந்தேன்."

வெள்ளைக் கட்டை ஒன்றை எடுத்து அங்கே அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து முறைத்தாள்.

"ஊர்ல இருக்கிற கடையெல்லாம் கட்டியிருக்கீங்க. நம்ம கடை எங்க?"

கட்ட மறந்தே போயிருந்தேன். பையைத் தரையில் போட்டுவிட்டு டின்னைத் துழாவினாள்.

"நம்ம ஷட்டர் நீலம். நீலமே இல்லியா?"

"இல்ல."

"அப்ப நிக்கறீங்களே! தி. நகர் போய் வாங்கிட்டு வாங்க. பெரிய செட்டா!"

"ஏறு நைனா," என்றார் ஆட்டோக்காரர். செருப்பை மாட்டக்கூட நிற்காமல் ஏறிவிட்டேன்.