செவ்வாய்க்கிழமைப் பாடு

என் அக்காவின் கணவர் வைத்திருந்த சின்னக் காரின் இடப்பக்க முன்கதவு உள்ளேயிருந்து திறக்காது. உள்கைப்பிடி உப்பில் இற்றுப்போய் ஒருநாள் யாருடைய கையோடோ வந்துவிட்டது. அதனால் காரை நிறுத்தியதும் மாமா அவசரமாக இறங்கி, லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முன்பக்கமாகச் சுற்றி ஓடிவந்து கதவைத் திறந்துவிடுவார். தெரியாதவர்கள் பார்த்தால் யாரோ மந்திரியை இறக்கிவிடுகிறார் என்று நினைப்பார்கள். இறங்குவது கருவாட்டுக் கூடையோடு எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மாவாக இருக்கும். மீஞ்சூர் ரயில் நிலைய வாசலிலும் பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலிலும் அந்த ஓட்டத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இப்போதும் சின்ன வெள்ளைக் கார் எதையாவது கண்டால், ஓட்டுகிறவர் இறங்கிச் சுற்றி ஓடிவருவாரா என்று ஒரு நொடி பார்த்துக்கொண்டு நிற்கிறேன். யாரும் வருவதில்லை. அவரவர் கதவை அவரவரே திறந்துகொண்டு போகிறார்கள்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. மாமாவும் ஏரியில் இறால் பிடித்தவர்தான். முகத்துவாரம் மணல் மூடி, ஏரியில் மீன்பாடு குறைந்துபோன சமயத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போனார். அதே துறைமுகம் வேண்டாம் என்று ஊரோடு சேர்ந்து வெயிலில் சாலையில் உட்கார்ந்தவரும் அவர்தான். நான் சும்மா இருப்பேனா, கிண்டல் செய்வேன். "இன்னா பண்றது, வயிறு கேக்குதா?" என்று சிரித்துவிடுவார். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது அங்கேதான். யாரோ ஒரு அதிகாரி ஊரைவிட்டுப் போகும்போது விற்ற பழைய காரை, பல மாதம் யோசித்து வாங்கினார். வாங்கியதற்குக் காரணம் அக்கா. அவளுக்குப் பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும், குமட்டும். திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும். "உன்ன பக்கத்துல குந்த வெச்சி நானே ஓட்டிக்கினு போறேன் பாரு" என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார் என்பாள்.

கார் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும்போது என்னென்ன செய்வோமோ அத்தனையும் செய்தோம். முன்பக்கம் மஞ்சள் பூசி, வேப்பிலையும் பூவும் கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். அக்கா கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். ஆரத்தி எடுத்து முடித்து நிமிர்ந்தால், ஊர்த் தலைவர் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஊரில் எதுவானாலும் முதல் மரியாதை அவருக்குத்தானே! பின்சீட்டில் இன்னும் நான்கு பெரிய மனிதர்கள் நெருக்கியடித்து ஏறிக்கொண்டார்கள். கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். மாமா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். "நாளைக்கு" என்று அர்த்தம்.

அந்த நாளை வரவே இல்லை. மாமா காலை ஷிப்டு முடித்து மத்தியானம் வீடு வருவதற்குள் வாசலில் யாராவது காத்திருப்பார்கள். பிரசவத்துக்கு நாள் நெருங்கியவள், கண் ஆபரேஷனுக்குப் போக வேண்டியவர், வங்கிக்குப் போகிறவர், பெண் பார்க்கப் போகிறவர். சிலர் பெட்ரோல் போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் நண்டோ இறாலோ கொண்டுவந்து அக்கா கையில் கொடுப்பார்கள். அவளுக்கு அதை ஆய்ந்து கழுவும் வேலையும் சேர்ந்தது. மாமாவுக்கு 'இல்லை' என்று சொல்ல வாய் வராது. அவருடைய வாய்க்கு அந்தச் சொல் பழக்கமே இல்லை. நான் மீஞ்சூரில் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். லீவு நாளில் ஊருக்கு வந்து இதையெல்லாம் பார்த்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"மாமா, இது காரா, ஷேர் ஆட்டோவா?"

"வயித்துப் புள்ளக்காரி வந்து நிக்குது. எப்டிம்மா இல்லன்றது?"

"நேத்து வந்தவரு வயித்துப் புள்ளக்காரியா?"

"அவரு வயசானவரு."

"முந்தாநேத்து?"

கொஞ்சம் யோசிப்பார். "கேட்டாரும்மா" என்பார். அதற்கு மேல் அவரிடம் என்ன சண்டை போடுவது?

காரின் மீது ஊருக்கு இருந்த பாசமும் சும்மா சொல்லக்கூடாது. அந்தப் பாசமேதான் காருக்கு வினையானது. படகு கரைக்கு வந்ததும் வாளி வாளியாக ஏரித் தண்ணீரை அடித்துக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். காரும் ஒவ்வொரு சவாரி முடிந்து வந்ததும் ஏரியோரம் நிறுத்தப்பட்டு, அதேபோல் குளிப்பாட்டப்பட்டது. ஏறிவந்தவர்களே இறங்கி வாளியைத் தூக்குவார்கள், அடிப்பக்கத்தைக்கூட விடமாட்டார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே வளர்ந்த ஊரில், இரும்புக்கு இது ஆகாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா, "ஏங்க, காலுக்குக் கீழ ரோடு ஓடுது" என்றாள். குனிந்து பார்த்தால் உண்மையிலேயே ரோடுதான். மீஞ்சூர் மெக்கானிக் காரைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு, "இத்த ரோட்ல ஓட்டுனீங்களா, ஏரில ஓட்டுனீங்களா?" என்று கேட்டார். தகடு வெட்டி ஒட்டக்கூட நல்ல இரும்பு மிச்சமில்லை என்றுவிட்டார்.

மாமா கவலைப்படவில்லை. குப்பத்தில் ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைக்கிறவர் இருக்கிறார். அவர் வந்து, படகுக்குச் செய்வது போலவே கண்ணாடி நார்ப் பாயை விரித்து, பிசின் தடவி, காய வைத்து, மிச்சமிருந்த நீலப் பெயின்டையும் அடித்துவிட்டுப் போனார். வெளியே வெள்ளைக் கார், காலடியில் நீலப் படகு. அந்த ஐப்பசியில் பெருமழை பெய்து சாலையில் தண்ணீர் நின்றபோது மாமா அதற்குள் காரை இறக்கி ஓட்டிக் காட்டினார். "பாத்தியா, அடியில சொட்டுத் தண்ணி ஏறல!" என்றார். தண்ணீர் கதவு வழியாக ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டோம். கார் அங்கேயே நின்றுபோக, வலை இழுப்பது போல் ஊரே சேர்ந்து கயிறு கட்டி இழுத்தது.

இத்தனையிலும் அக்காவுக்கு முன்சீட்டு கிடைத்ததே இல்லை. முன்சீட்டு என்றால் நோயாளிக்கு, இல்லையென்றால் பெரியவருக்கு. அவள் காரில் போவதே, யாராவது பிள்ளைத்தாய்ச்சிக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்றால்தான். பின்சீட்டின் நடுவில், வேறு யாருடைய குழந்தையையோ மடியில் வைத்துக்கொண்டு போவாள். ஒரு மத்தியானம் இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள். "நான் ஊரு சுத்தணும்னா கேக்கறேன்? ஒரே ஒரு வாட்டி அவரு பக்கத்துல குந்திக்கினு போவணும்டி. பின்னால குந்தினா அவரு பொடனிதான் தெரியுது. காரு வாங்கனதுலேந்து அவரு பொடனியையே பாத்துக்கினு போறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மகன் படித்து வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டான். வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேருக்கு ஒரு அரைநாள் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

பிறகு அந்தச் சண்டை வந்தது. ஒரே நாளில் ஒரு வீட்டுக்கு நிச்சயதார்த்தம், இன்னொரு வீட்டுக்கு கோர்ட்டு வேலை. இருவருக்கும் மாமா தலையாட்டி வைத்திருந்தார். இரண்டு வீட்டாரும் காரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, என் வண்டி உன் வண்டி என்று கத்திக்கொண்டார்கள். மாமா நடுவில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார். கடைசியில் தலைவர் வந்து, "ஏரிக்குப் பாடு வெச்சிக்கினு இருக்கோம்ல? காருக்கும் வெச்சிடுவோம்" என்றார்.

பாடு என்பது எங்கள் ஏரியில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் முறை. நல்ல மீன் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். உன் பாடு வந்த நாளில் அந்தத் தண்ணீர் உன்னுடையது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அன்றைக்கு அங்கே வலையை இறக்க மாட்டான். ஓரமாக ஒதுங்கிப் போவான். அதே முறையில் காருக்கும், தெருவுக்கு ஒரு கிழமையாகப் பிரிப்பது என்று முடிவானது. பிரசவம், பாம்புக்கடி மாதிரி உயிர் போகிற காரியத்துக்கு மட்டும் கிழமை கிடையாது.

சீட்டுப் போடும் சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தோம். பானைக்குள் சீட்டுகளைப் போட்டு மூடப் போகும்போது அக்கா என் பக்கத்திலிருந்து விறுவிறுவென்று நடந்து கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"தலைவரே, எங்க வூட்டுக்கும் ஒரு சீட்டு போடுங்க."

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். "இன்னாம்மா இது, காரே உங்களுதுதானே!"

"அப்டியா?" என்றாள் அக்கா. "எனக்குத் தெரியவே தெரியாது தலைவரே."

சிரிப்பு அடங்கிவிட்டது. தலைவர் அவளைப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற மாமாவையும் பார்த்தார். ஒரு சீட்டை எழுதிப் பானைக்குள் போட்டார். குலுக்கி எடுத்ததில் எங்கள் அக்கா வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை விழுந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை நான் வேண்டுமென்றே லீவு போட்டுவிட்டு வந்தேன். அக்கா அதே கல்யாணப் புடவையைக் கட்டி, தலை கொள்ளாமல் மல்லிகை வைத்துக்கொண்டாள். எங்கே போகிறீர்கள் என்றால் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. மாமா முன்கதவைத் திறந்துவிட்டார். அவள் உட்கார்ந்ததும் புடவைத் தலைப்பு கதவில் சிக்காமல் எடுத்து மடியில் வைத்துவிட்டு மெதுவாகச் சாத்தினார். கார் குப்பத்தைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒரே பயம். இந்த மனிதர் வழியில் யார் கையை நீட்டினாலும் நிறுத்தி ஏற்றிக்கொள்வார்; முன்சீட்டுக்குத் தக்க ஆளாக இருந்தால் அக்காதான் இறங்கிப் பின்னால் போக வேண்டியிருக்கும். பொழுது சாய்ந்து திரும்பி வந்தார்கள். அக்காவின் தலை காற்றில் கலைந்து, பூ பாதி உதிர்ந்துபோயிருந்தது. எங்கே போனீர்கள் என்று கேட்டேன். "எங்கயும் இல்ல. சும்மா போனோம்" என்றாள். அவளுக்குத் தலையும் சுற்றவில்லை, குமட்டவும் இல்லை. வழியில் யாராவது ஏறினார்களா என்று கேட்க என் நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகள் நிறைய வந்தன. போன வருஷம் மாமா போய்விட்டார். ஷிப்டு முடித்து வந்து, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கார் வாசலில் நிற்க, அவரை எடுத்துக்கொண்டு ஓட அன்றைக்கு ஓட்டத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை.  இப்போது நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

துக்கம் விசாரிக்க ஏரியைச் சுற்றியுள்ள அத்தனை குப்பத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து பாய் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அந்தக் காரில் பிரசவத்துக்குப் போனவர்கள் அந்தப் பிள்ளைகளையே கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: யாருக்கும் இல்லை என்று சொல்லாத மனுஷன். அக்கா சுவரோரம் உட்கார்ந்து, வந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  சாயங்காலம் தலைவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். அவரும் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருக்கும் இல்லன்னு சொன்னதே இல்லம்மா அவன்" என்றார்.

"சொல்லியிருக்காரு" என்றாள் அக்கா.

வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கேதான் சொன்னாரு, தலைவரே. மறந்துட்டீங்களா? மொத மொத செவ்வாக்கெயம. பஸ் ஸ்டாப்புல நின்னுக்கினு கைய நீட்டனீங்க. இவரு வண்டிய நிறுத்திட்டாரு. எனக்கு உசுரே இல்ல. சரி, எறங்கணும்னு புடவைய எடுத்துக்கறேன். இவரு கண்ணாடிய எறக்கி, 'இன்னிக்கு எங்க பாடு, தலைவரே'ன்னாரு. உங்க மூஞ்சிய பாக்கல, ஸ்டேரிங்கயே பாத்துக்கினு இருந்தாரு. ஆனா சொன்னாரு."

 தலைவர் மெல்லத் தலையாட்டினார். "ஆமாம்மா. சொன்னான். நான் ரெண்டடி தள்ளி நின்னு வழி வுட்டேன்."

அக்கா அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். "அவ்ளோ பேருக்கும் ஆமான்னாரு" என்றாள். "எனக்காக ஒருத்தருக்கு இல்லன்னாரு."