காதுக்குள் ஒரு தமனி

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். தேதியும் நேரமும் உட்பட இது நடந்தது.

1942 ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியான சமயம். மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லித்தந்த பிரபுதாஸ், திருத்தணி மலையடிவாரத்தில் வீடு பிடித்தார். கூடவே கத்திகளும் ஊசிகளும் ஜாடிகளும் வந்தன.

மண்டையோட்டின் அடிப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தார். கருவில் ஒரு தமனி உண்டு. காதுக்குள் இருக்கும் அங்கவடி எலும்பின் ஓட்டையில் நுழைந்து மேலேறும். மூன்றாம் மாதத்துக்குள் மறைந்துவிடும். அதன் வேலையை வேறொரு தமனி ஏற்றுக்கொள்ளும். மறைந்ததன் தடத்தைத் தேட அவருக்கு ஒரு சிசு வேண்டியிருந்தது.

கிடைத்தது. கூலிக்காரி ஜெயம்மாளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம். மருத்துவச்சி மார்த்தாள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"அழலீங்க," என்றாள்.

"ஏரிக்கரையில பொதைச்சாச்சுன்னு அவகிட்ட சொல்லிடு."

தமனிகள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று, உடம்பு சில்லிடுமுன் கொப்பூழ்க்கொடி வழியே ஊசியால் சிவப்பு மையை ஏற்றினார்.

மூன்றாம் நாள். பகல் இரண்டு நாற்பது. சிசுவின் காதெலும்பைத் திறந்துகொண்டிருந்தார்.

டுப்... டுப்... டுப்...

கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு காதையும் பொத்தினார். சத்தம் இன்னும் கூடியது.

வலது காதுக்குள்...

கடிகாரம் பார்த்து எண்ணினார். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது. தன் மணிக்கட்டைப் பிடித்தார்.

எழுபத்திரண்டு.

கதவு தட்டும் ஓசை. ஜெயம்மாள் நின்றாள். முந்தானை பாலில் நனைந்திருந்தது.

"கொயந்தய எங்கங்க பொதைச்சீங்க?"

"ஏரிக்கரையில. மார்த்தாள் சொல்லலியா?"

"சொன்னாங்க. அங்கதான் போயிட்டு வரேன். அங்க கேக்கலீங்க."

"என்ன கேக்கல?"

அவள் கிட்டே வந்தாள். அவருடைய வலது காதில் தன் காதை வைத்தாள்.

"இங்கதாங்க கேக்குது."

பிடித்துத் தள்ளினார். படியில் விழுந்தாள். தாழ் போட்டுவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார். இருட்டும்வரை அவள் வாசலைவிட்டு அசையவில்லை.

சத்தமும் நிற்கவில்லை.

ஜூன் மாதம் பட்டணத்தில் காது டாக்டர் துளசிங்கத்திடம் போனார். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு தமனி துடித்துக்கொண்டிருந்தது. கருவிலேயே மறைந்திருக்க வேண்டியது. முந்தின வருஷம் இதே டாக்டர் பார்த்தபோது அது இல்லை.

பிரபுதாஸ் தான் கொண்டுவந்த, சிசுவின் காதெலும்பு இருந்த ஜாடியைக் காட்டினார். துளசிங்கம் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். மயிரிழையைவிட மெல்லிய கிளைகளில்கூட சிவப்பு ஏறியிருந்தது.

"ஊசி தள்ளினா மை இவ்வளவு தூரம் போகாது, பிரபுதாஸ்," என்றார். "இதயம் தள்ளியிருக்கு."