துத்சாகர் அருவியும் மூன்றாம் தேவ ரகசியமும்

மாட்டுங்கா ரயில்வே பட்டறையில் பெட்டிகளின் ஜன்னல்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருபத்திரண்டு வருஷம் இருந்தவர் ஞானசேகரன். வீடு தாராவியில். பூர்வீகம் திருநெல்வேலிக்குத் தெற்கே, கடலோரம். பிறந்த ஊரில் மணல்மேடு தவிர வேறு உயரம் பார்க்காததாலோ என்னவோ, பம்பாய்க்கு வந்தபின் அவருக்கு மலைமேல் தீராத ஆசை பிடித்துக்கொண்டது. ஏறுவதில் அல்ல, பார்ப்பதில். அதுவும் ரயிலில் உட்கார்ந்தபடி. வருஷத்துக்குக் கிடைக்கும் இலவச பாஸ்களை மற்றவர்கள் ஊருக்குப் போகவென்று பத்திரப்படுத்துவார்கள். இவர் மலைப்பாதை ஸ்டேஷன்களான கசாராவுக்கும் கண்டாலாவுக்கும் செலவழித்தார். போய்ச் சேர்ந்த ஸ்டேஷனில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார். இறங்கி நடந்தால் என்ன என்று கேட்டால், "நடந்தா கண்ணு காலடியிலதான இருக்கும்? பொறவு மலைய எப்பப் பாக்க?" என்பார். இதில் கொஞ்சம் உண்மை இருந்தது. மூட்டுவலியும் கொஞ்சம் இருந்தது.

தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த வரையில் யாருக்கும் தொந்தரவில்லை. பார்த்ததை அடுத்தவருக்கும் காட்ட வேண்டும் என்று தோன்றியபோதுதான் வம்பு வந்தது. 1963 ஆகஸ்டில் வீட்டாரும் அக்கம்பக்கத்தாருமாகப் பதினோரு பேரைக் கண்டாலாவுக்கு அழைத்துப்போனார். அன்றைக்கு மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே காயப்போட்ட வேட்டி மாதிரி ஒரே வெள்ளை. நாள் முழுக்க அதையே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதிலிருந்து, அந்தப் பதினோரு பேரில் ஒருவரான, தோல் கிடங்கில் வேலைபார்த்த சூசை மிக்கேல் அவரை எங்கே கண்டாலும், "என்ன வே, இன்னைக்கு மல தெரியுதா?" என்று கேட்க ஆரம்பித்தார். குழாயடியில் பெண்களும் கேட்டார்கள்.

மறுவருஷம் டிசம்பரில் கோவாவில், நானூறு வருஷமாகக் காக்கப்பட்டுவரும் புனித சவேரியாரின் திருவுடலை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அவர் கையால் முன்னோர்கள் ஞானஸ்நானம் பெற்ற கடலோரத்துக் கத்தோலிக்கர்களுக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேண்டியதில்லை. அதே பதினோரு பேரும் புறப்பட்டார்கள். வழியில் மைசூர் ராஜ்ய எல்லையைத் தாண்டியதும் காட்டுக்கு நடுவே துத்சாகர் என்ற அருவி வரும், ரயில் அதன் குறுக்கே பாலத்தில் போகும் என்று கேள்விப்பட்டிருந்த ஞானசேகரன், வழிநடத்தும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

"இந்தத் தடவ தெரியலன்னா இனி ஒருத்தரையும் நான் ஒரு எடத்துக்கும் கூட்டிட்டுப் போவல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சவேரியாரைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை என்பதை அவருடைய மனைவி தெரசம்மாள் கவனித்தார்.

புனாவில் வண்டி மாறி, விடிந்து வெயில் ஏறிய பிறகு காஸில்ராக் வந்து சேர்ந்தார்கள். கோவா போர்த்துக்கீசியர் கையில் இருந்தவரை அதுதான் எல்லை ஸ்டேஷன். சுங்கக் கொட்டகைகள் இன்னும் நின்றன.

"எல்ல முடிஞ்சிருச்சா? காடு அந்தப் பக்கமும் இப்படியேதான இருக்கு?" என்றார் தெரசம்மாள்.

"காட்டுக்கு யாரு சொல்லுவா?" என்றார் ஞானசேகரன். அவருக்கு வேறு வேலை இருந்தது. அருவி எந்தப் பக்கம் வரும் என்று கார்டிடம் கேட்டு, பதினோரு பேரையும் அந்தப் பக்கத்து ஜன்னல்களை ஒட்டி நெருக்கி உட்காரவைத்தார். முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்று கார்டு சொல்லியிருந்தார்.

அங்கே வண்டியின் பிரேக்குகளைத் தட்டித் தட்டிச் சோதித்தார்கள். செங்குத்தான இறக்கம் என்று யாரோ சொன்னது லூசியம்மாள் காதில் விழுந்தது. அவர் ஞானசேகரனின் அண்ணன் மனைவி, விதவை. தாராவியில் எந்த வீட்டில் செபமாலை என்றாலும் முன்னே சொல்பவர் அவர்தான். கண்ணை மூடிச் சொல்ல வேண்டும், நடுவில் நிறுத்தினால் முதல் மணியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

"செபமாலைய எடுங்க எல்லாரும்" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. இரவெல்லாம் பாட்டுப் பாடித் தொண்டை கட்டியிருந்தது.

"மைனி, அருவி போன பொறவு சொன்னா என்ன?"

"ரயிலு டப்பா உருண்டு போன பொறவு யாரு சொல்லுவா? நீங்களே சொல்லுங்க கொழுந்தனாரே. ஒங்களுக்குத்தான் வரிச வாரியாத் தெரியும்."

தெரியும் என்பதுதான் துரதிர்ஷ்டம். யார் சொல்வது, எப்போது சொல்வது என்ற வாதத்திலேயே அரை மணி நேரமும் இரண்டு சுரங்கங்களும் கடந்துபோயின. கடைசியில் அவர் எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி நடு ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தொடங்கினார். பெண்கள் முக்காடு போட்டுக் கண்ணை மூடினார்கள். சூசை மிக்கேலும் மூடினார்.

அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. செபமாலைக்கு ஐந்து தேவ ரகசியங்கள், ஒவ்வொன்றுக்கும் மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரம் பத்து. வேகமாகச் சொன்னால் அருவிக்கு முன்னால் முடித்துவிடலாம். முதல் ரகசியம் பறந்தது. இரண்டாவது அதைவிட வேகம்.

"மெல்ல" என்றது லூசியம்மாளின் கட்டிய குரல். "மெயில் வண்டியா ஓட்டுதீங்க?"

சட்டம் போட்டவர் நடுவில் பேசலாம் போலிருக்கிறது. ஞானசேகரன் மெல்லச் சொன்னார். மூன்றாம் ரகசியத்தில் ஏழாவது பிரியதத்த மந்திரம் சொல்லும்போது பின்னால் இரைச்சல் கேட்டது. எட்டாவதில் பிடரியில் சாரல் பட்டது. ரயில் ஏறக்குறைய நின்றுவிடும் அளவுக்கு மெதுவாகப் பாலத்தில் ஏறியது.

இத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு அருவியைக் கடக்கப்போகிறார்களே என்ற வேதனையில் அவர் கண்ணைத் திறந்தார்.

பதினோரு பேரின் கண்களும் திறந்திருந்தன. எல்லாம் அவர் தோளுக்கு மேலேயும் பக்கத்து ஜன்னல்களிலும் நிலைகுத்தி நின்றன. லூசியம்மாளின் கண்கள்தான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தன. வாய்கள் மட்டும் பதில் மந்திரத்தைத் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

திரும்பிப் பார்க்க அவருக்கு அரை நொடி போதும். ஆனால் அவர் திரும்பினால், அகப்பட்டுக்கொண்டோம் என்று பதினோரு பேரும் வெட்கத்தில் கண்ணை மூடிவிடுவார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. பத்து மந்திரம் முடிந்ததும் திரித்துவத் துதி சொல்ல வேண்டும். அதற்கு எல்லோரும் தலை குனிந்து சிலுவை போட வேண்டும். அவர் அப்போது பத்தாவதில் இருந்தார்.

ஞானசேகரன் கண்ணை மூடிக்கொண்டு பதினொன்றாவதைச் சொன்னார். பிறகு பன்னிரண்டாவது. தண்ணீர்ச் சத்தம் இருந்தவரை சொல்லிக்கொண்டே போனார். வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்து இருட்டிய பிறகுதான் திரித்துவத் துதி வந்தது. இதைத் தியாகம் என்று சொன்னால் மிகையாகிவிடும். போன வருஷத்து மேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. என்றாலும் திரும்பாமல் இருந்தார் என்பதைக் குறித்துவைக்கலாம்.

செபம் முடிந்து, மலையடியில் கொல்லெம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது லூசியம்மாள் செபமாலையைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"மூணாம் ரகசியத்துல பத்தொம்பது மணி வந்துச்சே, கொழுந்தனாரே?"

"கண்ண மூடிட்டுத்தான எண்ணுனீங்க, மைனி?"

"கூடுதலாச் சொன்னா ஒண்ணும் பாவமில்ல" என்று சொல்லி லூசியம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வே, சும்மா சொல்லப்படாது" என்றார் சூசை மிக்கேல். "பாலக் கொடத்தோட கவுத்த மாதிரில்லா விழுது."

"கொடமா? ஒரே கோடா, மெலிசாத்தான விழுந்துச்சு" என்றார் தெரசம்மாள். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஏங்க, நீங்க பாக்கவே இல்லியா?"

ஞானசேகரன் கொடமா கோடா என்று விசாரிக்கத் தொடங்கினார். இரண்டு தட்டாக விழுந்ததா, மூன்றா? பாறை கறுப்பா, சிவப்பா? ஒருவர் சொன்னது இன்னொருவருக்குச் சரிப்படவில்லை. பெட்டியே சண்டையில் இறங்கியது. அவர் நீதிபதியைப் போல நடுவில் உட்கார்ந்து, பார்த்தவர்களுக்கெல்லாம் திருத்தம் சொன்னார்.

சூசை மிக்கேல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"போதும் வே. திரும்பி வரும்போது நீரு ஜன்னல்ல இரும். செபம் நான் சொல்லுதேன்."

"ஒமக்கு ஒரு மந்திரமும் முழுசாத் தெரியாதே வே."

"தெரியாட்டி என்ன? எங்கன இழுக்கணும்னு தெரியுமில்லா."